புதிய நாணயம், பழைய வஞ்சனை

பூட்டை உடைத்துப் பொருளைக் கவர்ந்து செல்பவனைக் கள்வன் என்கிறோம். அவனுக்கு அஞ்சி, கதவைத் தாழிட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறோம். ஆனால், அந்தச் சாவியை நாமே எடுத்து, மனமுவந்து நீட்டும்படி செய்கிறவனும் உலகில் உண்டு. அவன் இரவில் வருவதில்லை. பட்டப் பகலில், நண்பனைப் போலச் சிரித்துக் கொண்டு வருகிறான். இவ்வகை வஞ்சனை நம் காலத்தில் கிரிப்டோ நாணய முதலீடு என்ற பெயரைத் தாங்கி, கைத்தொலைபேசியின் வழியே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. பெயர் புதிது, கருவி புதிது. வித்தையோ மிகப் பழையது. அதன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், அதனை இனங்காணவும், அகப்பட்டவர்கள் ஓரளவேனும் மீளவும் வழி தெரியும் என்பது நம் நம்பிக்கை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், 1920-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்ஸி என்னும் இத்தாலியர் ஒருவர் வாழ்ந்தார். தம்மிடம் பணம் கொடுத்தால் 45 நாட்களில் 50 சதவீத லாபம் தருவதாக அவர் அறிவித்தார். லாபத்திற்கு மூலம் எது என்று கேட்டவர்களுக்கு, சர்வதேச அஞ்சல் பதில் கூப்பன்களைக் காட்டினார். நாணய மதிப்புத் தாழ்ந்த நாட்டில் மலிவாக வாங்கும் கூப்பனை அமெரிக்காவில் அதிக மதிப்புள்ள தபால் தலைகளாக மாற்றிக் கொள்ளலாம் என்பது அவர் கூற்று. கூற்று முழுப் பொய்யன்று. அத்தகைய கூப்பன்கள் இருந்தன. ஒரு பிடி உண்மையின்மேல் ஒரு மலைப் பொய்யை எழுப்புவதே இக்கலையின் முதற் பாடம்.

நகரமே அவர் வாயிலில் வரிசையில் நின்றது. முதலில் கொடுத்தவர்களுக்குச் சொன்னபடியே பணம் கிடைத்தது. அவர்களே ஊரெங்கும் அவர் புகழைப் பரப்பினர். அப்பொழுது கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் ஓர் எளிய கணக்கைப் போட்டார். பான்ஸியிடம் சேர்ந்த தொகைக்கு ஈடாக 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவையோ சுமார் 27,000! அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? பின்னால் வந்தவர்களின் பணமே முன்னால் வந்தவர்களுக்கு லாபம் என்ற பெயரில் தரப்பட்டது. 1920 ஆகஸ்டு மாதம் பான்ஸி கைது செய்யப்பட்டார். பணம் போட்டவர்களுக்கு ஒரு டாலருக்கு 37 சென்டு அளவிலேயே இறுதியில் திரும்பக் கிடைத்தது.

இவ்வழக்கில் நாம் மறக்கலாகாத பிற்பகுதி ஒன்று உண்டு. ஆட்டம் முடியப் போகிறது என்று அறிந்து, கடைசி நாட்களில் ஓடோடிச் சென்று பணத்தை மீட்டுக் கொண்டவர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் பெற்ற பணம் அவர்களுக்கே உரியதா என்ற வினா அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1924-ஆம் ஆண்டில் நீதிமன்றம், ஏமாந்தவர்கள் அனைவரும் சமமே. ஆதலின் முந்திக் கொண்டவர்கள் பெற்ற தொகையைப் பொதுவில் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வஞ்சகத் திட்டத்தில் கிடைக்கும் லாபம் நம் லாபமன்று, வேறொரு குடும்பத்தின் முதல் என்ற உண்மை அத்தீர்ப்பில் அடங்கியிருக்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நேர்மையாகத் தொடங்கிய நிறுவனம் முறிந்து போவது வேறு. ஏமாற்றுவதற்கென்றே தொடங்குவது வேறு. எனினும் இரண்டிலும் கண்ணீர் சிந்துபவர்கள் சேமித்து வைத்தவர்களே. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பல குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை அடைந்தார். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததே 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி. 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் விளைவாக 1961-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நாளிலிருந்து வங்கி வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. 2020 பிப்ரவரி முதல் அக்காப்பீட்டின் வரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் ரூ. 5 லட்சம். ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் நம் நாடு ஒரு வேலியை எழுப்பி வந்திருக்கிறது. கிரிப்டோ நாணயத்திற்கு இத்தகைய காப்பீடு எதுவும் இல்லை என்பதை இங்கேயே குறித்துக் கொள்வோம்.

வங்கிக்கு வெளியே நடந்த கதை வேறு. பரிசுச் சீட்டு என்ற பெயரில் நாடெங்கும் பணம் திரட்டப்பட்டு வந்ததை ஆராய 1974-இல் ரிசர்வ் வங்கி ஜேம்ஸ் ராஜ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரையின் விளைவாக, பரிசுச் சீட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் சட்டம் 1978-இல் வந்தது. பதிவு பெற்று, சட்டப்படி நடக்கும் சீட்டு நிறுவனங்கள் இதில் சேரா. அவற்றிற்கு 1982-இல் தனிச் சட்டமே ஏற்பட்டது.

ஆயினும், வேலி எழும்பும்போதே அதனைத் தாண்டும் வழியும் தேடப்பட்டது. கல்கத்தாவில் 1975-இல் தொடங்கிய சஞ்சயிதா இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் நிறுவனம், ஏட்டில் 12 சதவீத வட்டி என்று எழுதி, நடைமுறையில் 48 சதவீதம் வரை கொடுத்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பணச்சுழற்சித் திட்டம் என்பதற்குச் சட்டம் கூறும் இலக்கணம் இதற்குப் பொருந்தவில்லை என்று 1982-இல் நீதிமன்றம் கருதி, அச்சட்டத்தின்படி தொடுத்த வழக்கைத் தள்ளியது. வட்டி வீதம் வியப்பைத் தந்தாலும், சட்டத்தின் சொற்களுக்குள் அது அடங்கவில்லை. சட்டம் எப்பொழுதும் வஞ்சகனுக்கு ஓர் அடி பின்னாலேயே நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2013 ஏப்ரலில் அதே வங்காளத்தில் சாரதா நிறுவனங்கள் சரிந்தன. கூலி வேலை செய்வோரும் சிறு வியாபாரிகளும் பெருந்தொகையினராக அதில் பாதிக்கப்பட்டனர். மாநில அரசு ரூ. 500 கோடியில் நிவாரண நிதி ஒன்றை அறிவித்தது. விளைநிலத்தின் பெயரால் நாடு முழுவதும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தை, ரூ. 49,100 கோடியைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் செபி பணித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்து, சொத்துக்களை விற்று, சிறு தொகை போட்டவர்களுக்கு முதலிடம் தந்து பணத்தைத் திருப்பித் தரும் பணி தொடங்கியது. இவ்வனுபவங்களின் பயனாக, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-இல் பிறந்தது.

இந்நிலையில்தான் கிரிப்டோ நாணயம் அரங்கில் தோன்றியது. 2008 அக்டோபரில் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ ஒரு கட்டுரையை வெளியிட்டனர். 2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியது. அரசோ வங்கியோ நடுவில் நில்லாமல், பல கணிப்பொறிகள் சேர்ந்து காக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் கொடுக்கல் வாங்கல் பதியப்படுவதே இதன் அமைப்பு. பேரேட்டில் ஒரு முறை பதிந்ததை அழிக்கவோ திருப்பவோ இயலாது. தொழில்நுட்பம் என்ற முறையில் இது வியக்கத்தக்கதே. ஆனால், கைதவறிப் போன பணத்தைத் திரும்ப அழைக்க எந்த மேலாளரும் அங்கே இல்லை என்பதை வஞ்சகர்கள் விரைவில் கண்டு கொண்டனர்.

ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே எச்சரித்தது. 2018 ஏப்ரலில், இத்தொழிலில் ஈடுபடுவோருக்குச் சேவை செய்யலாகாது என்று வங்கிகளைத் தடுத்தது. அத்தடையை 2020 மார்ச்சு 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022-இல் இவற்றின் லாபத்திற்கு 30 சதவீத வருமான வரி விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில், கிரிப்டோ பரிமாற்ற நிலையங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வரப்பட்டு, மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்து கொள்ளும் கடமை ஏற்பட்டது. வரி விதிக்கப்பட்டது என்பதால் அரசு உத்தரவாதம் அளித்தது என்று பொருளாகாது. சிலர் அவ்வாறே பொருள் கொண்டு இடறி விழுந்தனர்.

இனிச் சில வழக்குகளைக் காண்போம். நம் நாட்டில் எழுந்த கெயின்பிட்காயின் என்னும் திட்டம், பிட்காயின் கொடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்கள் திருப்பித் தருவதாகக் கூறியது. பின்னர், பிட்காயினுக்குப் பதிலாக மதிப்புக் குறைந்த தன் சொந்த நாணயத்தைத் தரத் தொடங்கியது என்பது புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்டவர் 2018 ஏப்ரலில் கைதாகி, வழக்கு முடியுமுன் 2022 ஜனவரியில் காலமானார். பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த வழக்குகளை மத்தியப் புலனாய்வுத் துறை ஏற்று, 2025 பிப்ரவரியிலும் சோதனைகள் நடத்தியது. மாதம் 10 சதவீதம் என்பதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கூட்டு வட்டிக் கணக்கில் ரூ. 1 லட்சம் ஐந்தே ஆண்டுகளில் ரூ. 3 கோடியைத் தாண்டிவிடும். இவ்வளவு ஈட்டும் வித்தை அறிந்தவன் நம்மிடம் ஏன் கையேந்த வேண்டும்?

பல்கேரியாவில் 2014-இல் தொடங்கிய ஒன்காயினுக்குப் பிட்காயினைப் போன்ற உண்மையான பேரேடே கிடையாது. அதன் தலைவி ருஜா இக்னாதோவா 2017 அக்டோபரில் மறைந்து போனார். உடன் நிறுவியவருக்கு 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன் வலை நம் நவி மும்பை வரை நீண்டது. 2017 ஏப்ரலில் அங்கு நடந்த ஒரு கூட்டத்தில் போலீசார் புகுந்து பலரைக் கைது செய்தனர்.

பிட்கனெக்ட் என்ற மற்றொரு நிறுவனம், தானே வாணிபம் செய்யும் கணிப்பொறி நிரல் ஒன்று தன்னிடம் இருப்பதாகக் கூறி, 2018 ஜனவரியில் கடையை மூடியது. அதனைத் தோற்றுவித்ததாக, குஜராத்தின் சூரத்தைச் சேர்ந்த ஒருவர்மீது 2022-இல் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால், இக்கதையில் ஓர் ஒளிக்கீற்றும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு முகவராக இருந்தவர் குற்றத்தை ஒப்புக் கொண்டார். அவரிடமிருந்து கைப்பற்றிய நாணயங்கள் விற்கப்பட்டன. 40 நாடுகளைச் சேர்ந்த சுமார் 800 பேருக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர் வழங்குமாறு 2023 ஜனவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 பிப்ரவரியில் நம் அமலாக்கத் துறையும் இவ்வழக்கில் சுமார் ரூ. 1,646 கோடி மதிப்புள்ள கிரிப்டோ நாணயத்தைக் கைப்பற்றியது. அழிக்க முடியாத பேரேடு வஞ்சகனுக்குத் துணை போனது போலவே, அவன் சென்ற தடத்தையும் காட்டிக் கொடுத்தது.

அண்மை ஆண்டுகளில் இவ்வஞ்சனை மேலும் கொடிய உருவம் எடுத்துள்ளது. தவறிய எண்ணிலிருந்து வந்தது போல் ஒரு செய்தி வரும். மன்னிப்புக் கேட்டு, நலம் விசாரித்து, வாரக்கணக்கில் நட்பு வளரும். பணத்தைப் பற்றிய பேச்சே இராது. பின் ஒருநாள், தாம் லாபம் ஈட்டும் செயலியை அந்த நண்பர் தற்செயலாகக் குறிப்பிடுவார். சிறு தொகை போட்டால் லாபம் வரும். எடுத்தால் கைக்கும் கிடைக்கும். பெருந்தொகை போட்ட பின் எடுக்க முயன்றால், முதலில் வரியைக் கட்டு, பிணைத்தொகையைக் கட்டு என்ற ஓலை வரும். இச்செய்திகளை அனுப்புவோரில் பலர், வேலை என்று ஏமாற்றப்பட்டு மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் காவற் கூடங்களில் அடைபட்டவர்கள் என்பது மற்றொரு கொடுமை. 2025 மார்ச்சில் மியான்மர் எல்லையிலிருந்து இந்திய இளைஞர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் விமானப் படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். ஏமாற்றுபவனும் ஏமாறுபவனும் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே வலையில் கிடக்கிறார்கள்.

இவ்வரலாறு தரும் அடையாளங்களைத் தொகுத்துக் கூறுவோம். ஏறி இறங்கும் சந்தையில் ஏறா, இறங்கா நிலையான லாபம் உறுதி சொல்லப்படுமானால் அஞ்ச வேண்டும். லாபத்தின் மூலத்தை எளிய சொற்களில் விளக்க முடியாவிட்டால் அஞ்ச வேண்டும். புதியவர்களைச் சேர்த்தால் தரகு என்றால், நாமே அடுத்த வீட்டாருக்குத் தூண்டில் ஆகிறோம் என்று அறிய வேண்டும். திரையில் காணும் எண் பணமன்று. வங்கிக் கணக்கிற்குத் திரும்பி வந்ததே பணம். ஆனால் ஒரு முறை வந்தது என்பது மறுமுறையும் வரும் என்பதற்குச் சான்றாகாது. பணம் எடுக்க முன்கூட்டியே வரி கட்டச் சொல்வது பொய்யின் முத்திரை. வரியை அரசுக்குக் கட்டுகிறோமே அன்றி, எவருடைய தனிக் கணக்கிலும் கட்டுவதில்லை. இன்றே போடு, வீட்டாரிடம் சொல்லாதே என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் இடத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை.

அகப்பட்டுக் கொண்டவர் என் செய்வது? முதலாவது, மேலும் ஒரு காசும் அனுப்பலாகாது. போனதை மீட்கப் போடும் பணமே பெரும்பாலும் போனதைவிடப் பெரிதாகி விடுகிறது. இரண்டாவது, நேரம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். தம் வங்கிக்கும் அப்பொழுதே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் பணம் பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் பலவற்றின் வழியே மணிக் கணக்கில் ஓடி, கிரிப்டோவாக மாறுகிறது. மாறுமுன் கணக்கை முடக்கினால் நின்ற தொகை தப்பும். 2021 முதல் இயங்கும் இந்த ஏற்பாட்டின் உயிர் விரைவில்தான் இருக்கிறது. நாணயமாகவே அனுப்பியிருந்தால், அதனை வாங்கிய பரிமாற்ற நிலையத்திற்கும் உடனே அறிவிக்க வேண்டும். டெதர் போன்ற சில நாணயங்களை, காவல் துறை கோரினால், வெளியிட்ட நிறுவனமே முடக்க இயலும்.

மூன்றாவது, சான்றுகளைக் காக்க வேண்டும். வங்கிப் பரிமாற்ற எண், பணம் சென்ற கணக்கு, கிரிப்டோ பணப்பையின் முகவரி, உரையாடல்கள், செயலியின் பெயர், நாள், நேரம் ஆகிய அனைத்தையும் எழுதி, படமெடுத்து வைக்க வேண்டும். வெட்கத்தால் உரையாடலை அழிப்பவர், தம் வழக்கின் சாட்சியையே அழிக்கிறார். முடக்கப்பட்ட தொகையை உரியவரிடம் சேர்க்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்படி நடுவர் மன்றத்தை அணுகலாம். குற்றத்தால் வந்த சொத்தைக் கைப்பற்றிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்க அதன் 107-ஆம் பிரிவு வழி செய்கிறது. இவை மெதுவாக நகரும் தேர்கள். முழுத் தொகையும் வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் பாஸ்டனிலும், பி.ஏ.சி.எல். வழக்கிலும், பிட்கனெக்ட் வழக்கிலும், கிடைத்த பங்கு உரிமை கோரி மனுச் செய்தவர்களுக்கே கிடைத்தது. வாய் மூடியிருந்தவர்களின் பங்கு கணக்கில் ஏறவில்லை.

இங்கு இரண்டாம் கள்வனைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக் கொண்டு, இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் செலுத்துங்கள் என்று வருவோர் உளர். வழக்கறிஞர் என்பர், கணிப்பொறி வல்லுநர் என்பர், அதிகாரி என்றும் கூசாது கூறுவர். பேரேட்டில் பதிந்ததைத் திருப்பும் மந்திரம் எவரிடமும் இல்லை. 1930-ஐ அழைக்கவும் புகார் பதியவும் கட்டணம் ஏதுமில்லை. மீட்பதற்கு முன்பணம் கேட்பவன் முதலாமவனுடைய உடன்பிறப்பு என்று கொள்வதே அறிவுடைமை.

பேராசை பெருநட்டம் என்று ஊரார் எளிதாகச் சொல்லி விடுகின்றனர். அது முழு உண்மையன்று. ஏமாந்தவர்களில் பேராசைக்காரர் இருக்கலாம். ஆனால் ஓய்வூதியம் போதாதவர், மகளின் படிப்புக்கு வழி தேடியவர், தனிமையில் ஒரு நல்ல சொல்லுக்கு ஏங்கியவர் ஆகியோரே மிகுதி. நம் ஏளனத்திற்கு அஞ்சியே அவர்கள் மனைவியிடமும் மக்களிடமும் கூட மறைக்கின்றனர். பணத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடிய முதற் சில மணி நேரம் அந்த மௌனத்திலேயே கழிந்து விடுகிறது. சிலர் உயிரையே மாய்த்துக் கொள்ளத் துணிகின்றனர். இழந்தது பணம், அதனை ஒருநாள் ஈட்டலாம், ஈட்டாமலும் வாழலாம். உயிரை இழந்தால் எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. ஆகவே, வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி இதனைச் சொல்ல வரும்போது, ஏன் போட்டாய் என்று கேட்பதற்கு முன், எப்பொழுது அனுப்பினாய் என்று கேட்டு, தொலைபேசியை எடுத்துக் கொடுப்பதே உறவினர் கடமை.

ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய கூப்பனைக் காண்கிறது. பான்ஸியின் காலத்தில் அது அஞ்சற் கூப்பன், பின்னர் விளைநிலம், இன்று கிரிப்டோ நாணயம், நாளை வேறொன்று வரும். அன்று பாரன் கேட்ட கேள்வியை மட்டும் நாம் மறவாதிருப்போமாக: இந்த லாபம் எங்கிருந்து வருகிறது? விடை தெரியாத வரையில் நம் பணம் நம் கையிலேயே இருக்கட்டும்.